வெள்ளிக்கிழமை தோறும் குறைந்த ஃபைல்கள்

2008 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. கிடைத்திருக்கும் ஃபைல்கள் 2,316. அவற்றில் பெயரோடு இருப்பது ஒன்றுகூட இல்லை.

மகனே, இந்த எண்ணிக்கையை எழுதி வைத்துவிட்டுத்தான் உன்னிடம் பேச உட்கார்கிறேன். இப்போது உனக்கு ஒரு வயது பத்து மாதம். கட்டிலில் குப்புறப் படுத்து, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு தூங்கிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் அந்த உனக்கு இல்லை. மீசை முளைத்து, ஒரு வேலையில் சேர்ந்து, யாரையோ கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று என் முன்னால் வந்து நிற்கப்போகிற உனக்கு. அன்றைக்கு எனக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். நடந்ததை எனக்குத் தோதாகத் திருத்திச் சொல்ல நன்றாகப் பழகியிருப்பேன். இப்போது முப்பத்தொன்று, உண்மை தெரிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, திருத்த இன்னும் நேரம் கிடைக்கவில்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. உன் அம்மாவின் தம்பியை, நம் வீட்டு வாசல்படி ஏறிய அவள் பிறந்த வீட்டு ஆள் ஒரே ஒருவனை, திருடனைப்போல நிற்கவைத்துக் கேள்வி கேட்டு விரட்டிவிட்டேன். அவன் எடுக்காத ஒன்றுக்காக.

அந்த ஒன்று எது என்று முதலில் சொல்கிறேன். போன ஆவணியில் ஒரு பெட்டி வாங்கினேன். செங்கல் இரண்டை ஒட்டவைத்த அளவு, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ரூட்டரோடு இணைத்துவிட்டால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் அதில் போடலாம், எடுக்கலாம். ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே இரண்டாவதிலும் எழுதப்படும், ஒன்று செத்தாலும் இன்னொன்று இருக்கும். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எடுத்ததில் இருந்து, நானும் உன் அம்மாவும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டது வரை எல்லாப் படமும் அதற்குள் போயின. கல்யாண ஆல்பம் என்று நமக்கு வேறு எதுவும் கிடையாது. மண்டபம் இல்லை, வீடியோக்காரர் இல்லை, என் கூட்டாளி ஒருவன் சின்னக் கேமராவில் எடுத்த படங்கள்தான். உன் அம்மா மஹால் பக்கம் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். நான் சமயநல்லூருக்கு மேற்கே, அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்த்த குடும்பம். இந்த இரண்டு வரிக்கு நடுவில் என்னென்ன நடந்திருக்கும் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. உன் காலத்திலும் விளக்க வேண்டியிருக்காது என்றே சந்தேகப்படுகிறேன்.

வாடகைக்கு அவனியாபுரத்தில் இந்த மாடி வீடு. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிற வருஷம் இது. இன்வெர்ட்டர் லைன் ஓடுகிற பிளக் பாயிண்ட் சாமி ரூமில் மட்டும்தான் இருந்தது, யாரோ பழைய குடித்தனக்காரர் சீரியல் லைட்டுக்காகப் போட்டது. அதனால் பெட்டியைச் சாமி படங்களுக்குக் கீழே, விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "அங்கன வேணாங்க, தண்ணி புழங்குற எடம்," என்றாள் உன் அம்மா. "கரண்ட் போனாலும் இது அணையக் கூடாது. இங்கதான் இருக்கும்," என்று முடித்துவிட்டேன். நான் ஒரு தனியார் கல்லூரியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன். முன்னூறு கம்ப்யூட்டர் என் பேச்சைக் கேட்கிறது, இது ஒரு பெட்டி.

புரட்டாசியில்தான் முதல் சந்தேகம். ரிஜிஸ்டர் ஆபீஸ் ஃபோல்டரைத் திறந்தால் பாதிக்கு மேல் படங்கள் இல்லை. அழித்தால் குப்பைத் தொட்டியில் இருக்க வேண்டும், அங்கேயும் இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதுசு என்று கொடுத்துவிட்டார் என்பது என் முதல் முடிவு. ஒரு வாரத்தில் நான்காவது தடவை நான் கூப்பிட்டபோது அவர் சொன்னார்: "அண்ணே, பெட்டி சும்மாதாண்ணே இருக்கு. நீங்கதான் சும்மா இருக்க மாட்டேங்கிறீங்க." நான் விடவில்லை. டிஸ்க் இரண்டையும் கழற்றி ஒவ்வொரு துளியாகப் பரிசோதித்தேன், பழுது இல்லை. கேபிள் மாற்றினேன். ரூட்டர் பாஸ்வேர்டு மாற்றினேன், கீழ்வீட்டுக் காலேஜ் பையன் நம் இணைப்பில் நுழைகிறானோ என்று. அவன் நுழைந்துதான் இருந்தான், பாட்டு இறக்கிக்கொண்டிருந்தான், ஆனால் பெட்டிப் பக்கம் வரவில்லை. அப்புறம் தினமும் காலை ஆறு மணிக்கு மொத்த ஃபைல்களை எண்ணி நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் நோட்டைப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணைக் குத்தியது. மற்ற நாட்களில் எண்ணிக்கை குறையவே இல்லை. வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் மட்டும் குறைகிறது. எல்லா வாரமும்.

வெள்ளிக்கிழமை யார் வருவது? உன் மாமா. சுங்குடிச் சேலை மொத்தக் கடையில் வேலை. வாரம் ஒருநாள் திருமங்கலம் கடைகளுக்கு மூட்டை கொண்டுபோவான், வெள்ளிக்கிழமை. திரும்பும்போது பைக்கை இந்தப் பக்கம் ஒடித்து நம் வீட்டுக்கு வருவான், ஒரு மணி நேரம் இருப்பான். அப்போது நான் வேலையில் இருப்பேன். நீ பிறந்த பிறகு வர ஆரம்பித்தான். முதல் தடவை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் இருந்தேன். உன் அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடிக்கிறானா என்று கவனித்தேன். குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, நடிக்கிறான் என்று. இதை எழுதும்போது எனக்கே கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கடிதமே நடிப்பாகிவிடும். அவன் என்னை "மாமா" என்று கூப்பிட்டான், நான் "வா மாப்ள" என்றேன், வாயளவில்.

அவனும் உன் அம்மாவும் பேசிக்கொள்வது அவர்கள் பாஷையில். எனக்கு ஒரு சொல் புரியாது. நான் அறைக்குள் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மரியாதைக்காக மாறுகிறார்கள் என்று நீ சொல்வாய். மறைப்பதற்காக மாறுகிறார்கள் என்று நான் சொன்னேன். நோட்டில் வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்த அன்றைக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. முதலில் காணாமல் போனது எது, ரிஜிஸ்டர் ஆபீஸ் படங்கள். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்று ஆகவேண்டுமென யாருக்கு ஆசை, அவர்கள் வீட்டுக்கு. யார் வருவது, அவன். எனக்கு அன்றைக்கு வருத்தம் வரவில்லை, ஒரு திருப்திதான் வந்தது. நான் இதற்காகவே காத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. காணாமல் போனவற்றில் என் ரூட்டர் மேனுவல்களும், வருமான வரித் தாள்களும், நூற்றுக்கணக்கான எம்பி3 பாட்டுகளும் இருந்தன. என் வருமான வரித் தாளை அழித்து அவர்களுக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை. அவை என் கதைக்கு உதவவில்லை, அதனால் நோட்டிலேயே ஏற்றவில்லை.

ஒரு வலை விரித்தேன். "மாப்ள, நீ வந்தா பாட்டு ஏத்திக்கிறதுக்குத் தனியா ஒரு பாஸ்வேர்டு போட்டிருக்கேன்," என்று சிரித்துக்கொண்டே போனில் சொன்னேன். யார் எந்த நேரத்தில் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்று பெட்டி பதிவு எழுதும். அந்த வெள்ளிக்கிழமை மாலை வந்து பதிவைத் திறந்தால், மதியம் பன்னிரண்டே முக்காலில் இருந்து ஒன்றரை வரை அவன் பெயர்தான். உன் படங்கள் வரிசையாக. வேறு யார் பெயரும் இல்லை. அதைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 24, தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நீ அவன் மடியில், கீபோர்டைத் தட்டிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்தான். அவன் எழுந்த வேகமே எனக்குச் சாட்சியாகப் பட்டது.

"என்ன மாமா, இந்நேரம்?"

"ஏன், நான் வரக்கூடாத நேரமா?"

"அப்படி இல்ல மாமா. சாப்பிட்டீங்களா?"

"பாக்கெட்ல என்ன வச்சிருக்க?"

அவன் உன் அம்மாவைப் பார்த்தான். அவள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். "என்னங்க இது," என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. "பாக்கெட்ல இருக்கிறத எடுத்து மேசைல வை மாப்ள," என்றேன். அவன் வைத்தான். பைக் சாவி, ஒரு சீப்பு, கடை ரசீதுக் கட்டு, ஒரு பென் டிரைவ். பென் டிரைவை நானே சொருகிப் பார்த்தேன். உன் படங்கள் அறுபத்துச் சொச்சம். நீ தவழ்வது, நீ சோற்றைத் தலையில் கொட்டிக்கொள்வது. ரிஜிஸ்டர் ஆபீஸ் படம் ஒன்றுகூட இல்லை. அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பர்ஸில் இருந்த காகிதத்தை விரித்து அவன் முன்னால் வைத்தேன். "எடுத்துட்டு, எங்களதை அழிக்கிறது. எத்தனை வாரமா?" என்றேன். "யாரு சொல்லி அனுப்புனது? உங்க அப்பாவா?"

அவன் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சாவியை எடுத்தான், சீப்பை எடுத்தான், ரசீதை எடுத்தான். பென் டிரைவை மட்டும் விட்டுவிட்டான். "அக்கா, நான் வாரேன்," என்றான். தமிழில் சொன்னான், எனக்கும் புரியவேண்டும் என்று. செருப்புப் போடும்போது என்னைப் பார்த்து, "மாமா, எனக்கு அழிக்கத் தெரியாது மாமா. காப்பி பண்றதே அக்கா சொல்லிக்குடுத்ததுதான்," என்றான். அதையும் நான் நம்பவில்லை. பைக் சத்தம் கேட்டதும் நீ வாசலுக்கு ஓடி, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அவன் கொண்டுவந்த துணிப்பை நாற்காலியில் கிடந்தது. தீபாவளி அன்று காலை நீ ஒரு மஞ்சள் சட்டை போட்டிருந்தாய், நான் வாங்கியதில்லை. உன் அம்மாவிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த மூன்று நாளில் அவள் என்னிடம் பேசியதை விரலில் எண்ணிவிடலாம்.

இப்போது கவனி. அடுத்த வெள்ளிக்கிழமை, அக்டோபர் 31, அவன் வரவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எண்ணினேன். குறைந்திருந்தது. ஒழுங்கான ஒருவன் அந்த நிமிஷமே பைக்கை எடுத்துக்கொண்டு மஹால் பக்கம் போயிருப்பான். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன், நீ என்னைப்பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். அவன் இல்லையென்றால் வீட்டில் இருப்பது இன்னும் ஒரே ஆள்தான் என்று கணக்குப் போட்டேன். இரண்டு வாரம் உன் அம்மாவைச் சந்தேகப்பட்டேன். அவள் அந்த ரிஜிஸ்டர் ஆபீஸ் நாளை நினைத்து வருந்துகிறாளோ, ஒவ்வொரு படமாகக் கழித்துவிட்டு ஒருநாள் உன்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்று. அவள் தோசை சுடும்போது அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நவம்பர் 7, மறுபடி குறைந்தது. 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை வழக்கம்போல எட்டரைக்குக் கிளம்பி, பக்கத்துப் பெருங்குடி வரை போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்பினேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மாடி ஏறினேன். சொந்த வீட்டுக்குள் அப்படி நுழைந்தேன்.

சாமி ரூம் கதவு திறந்திருந்தது. தரை முழுக்கத் தண்ணீர். வெள்ளிக்கிழமை வீடு கழுவி விடுகிற நாள், அது எனக்குத் தெரியும், இரண்டு வருஷமாக ஈரத்தரையில்தான் மாலை வந்து நிற்கிறேன். உன் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள். சுவிட்சைக்கூடத் தொடாமல் பெட்டியின் பிளக்கைச் சட்டென்று பிடுங்கினாள். பெட்டியைத் தூக்கி ஸ்டூலில் வைத்து, ஈரத்துணியால் நாலு பக்கமும் துடைத்தாள். பின்பு விளக்கு, மணி, தாம்பாளம், படங்கள் எல்லாவற்றுக்கும் வைத்த வரிசையிலேயே பெட்டிக்கும் நெற்றி மாதிரி நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தாள். சாமி ரூமில் இருக்கிற எதையும் அவள் பொட்டில்லாமல் விடமாட்டாள். அந்தப் பொட்டை நான் ஒவ்வொரு வாரமும் பார்த்திருக்கிறேன். காலேஜில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன், எங்கள் வீட்டில் ஹார்ட் டிஸ்க்குக்கும் பூசை நடக்கிறது என்று. அந்தப் பொட்டு எப்படி வைக்கப்படுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"என்ன செய்யிற?" என்றேன்.

அவள் பயந்து திரும்பினாள். அப்புறம் நான் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. "ஓ. இப்ப என் முறையா?" என்றாள்.

"பிளக்கை ஏன் பிடுங்குன?"

"நீங்கதான சொன்னீங்க. கல்யாணம் ஆகி வந்த மொத வாரமே. கரண்ட் ஓடுற எதையும் ஈரத்துணி வச்சுத் தொடக் கூடாது, சுவிட்சை நம்பாதே, பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடுன்னு. மிக்ஸிக்கும் அப்படித்தான் செய்றேன், டிவிக்கும் அப்படித்தான் செய்றேன். இதுக்கு மட்டும் வேற சட்டமா?"

ஆமாம், நான்தான் சொன்னேன். என் அப்பா ஒரு தோட்டத்தில் மோட்டார் பார்க்கிற வேலையில் இருந்தபோது, ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் துடைத்துத் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியது, வலக்கையில் இரண்டு விரலுக்கு இன்றைக்கும் உணர்வு கிடையாது. அதனால் என் வீட்டில் அது சட்டம். பெட்டிக்கு அது ஆகாது, அதை அணைக்க ஒரு முறை உண்டு என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. இந்த வீட்டில் அதைத் தொடப்போகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

அதுவும் பாதிதான். மீதிப் பாதி இன்னும் கேவலம். வாரம் முழுக்க வந்து சேர்ந்ததை எல்லாம் இடம் மாற்றி, தேதிவாரியாக அடுக்குகிற ஒரு வேலையை நான் பெட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். யாரும் அதை உபயோகிக்காத நேரம் எது என்று யோசித்து நான் வைத்த நேரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஒரு கையில் இருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது பிளக் பிடுங்கப்படுகிறது. மறுபடி கரண்ட் வந்ததும் பெட்டி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும், எது யாருடையது என்று தெரியாத ஃபைலை எல்லாம் வெளியில் தெரியாத ஒரு ஃபோல்டரில் வெறும் நம்பர் போட்டு ஒதுக்கிவிடும். இரண்டு டிஸ்க் இருந்தும் பிரயோஜனம் இல்லை, குழப்பத்தையும் அது இரண்டிலும் ஒரேமாதிரி எழுதியது. அப்புறம் அந்தப் பதிவு. பெட்டி அணைந்து எழுந்தால் பழைய பதிவு அழிந்து புதிதாகத் தொடங்கும். நான் பர்ஸில் மடித்து வைத்திருந்த காகிதத்தின் முதல் வரியே காலை 10.40 என்றுதான் இருந்தது. நாள் முழுக்க ஓடுகிற பெட்டியின் பதிவு ஏன் 10.40க்குத் தொடங்குகிறது என்று என் காலேஜில் ஒரு பையன் கேட்காமல் விட்டிருந்தால் அவனை லேபை விட்டு வெளியே நிறுத்தியிருப்பேன். அந்தப் பையன்கள் யாருக்கும் கண் அடுத்த வரிக்கு, உன் மாமா பெயருக்குத் தாவியிருக்காது. எனக்குத் தாவியது. கடைக்காரர், கேபிள், கீழ்வீடு, மச்சினன், மனைவி என்று எல்லாரையும் பட்டியலில் போட்ட நான், நானே எழுதியதைப் போடவில்லை.

உன் அம்மா துணியைப் பிழிந்து போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் ரொம்பத் தெளிவாக வரும். "அவன் அந்தப் படத்தை எல்லாம் எங்க கொண்டுபோறான்னு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. அவள் சொன்னாள். அவள் அப்பா, நாங்கள் கல்யாணம் செய்த அன்றைக்கு, அவள் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று சொன்னவர். இன்றுவரை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் உன் மாமா அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உன் படங்களைத் திறப்பான். அப்பாவிடம் ஒன்றும் சொல்லமாட்டான். முதல் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, "பால் வாங்கிட்டு வாரேன்" என்று தெருவுக்குப் போய்விடுவான். திரும்பி வரும்போது அப்பா பழையபடி நாற்காலியில் பேப்பரோடு இருப்பார். திரையில் கடைசிப் படம் இருக்கும். "எட்டு மாசமா இது நடக்குது. ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. இப்ப மூணு வெள்ளிக்கிழமை ஆச்சு, அவன் தெறக்க ஒண்ணும் இல்ல," என்றாள் உன் அம்மா. பென் டிரைவ் எங்கள் மேசையில் கிடந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? அந்த மனுசன் நேர்ல வந்து பாக்கட்டும்னு சொல்லியிருப்பீங்க. சொல்லியிருக்க மாட்டீங்களா?"

சொல்லியிருப்பேன்.

நேற்று டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் நேரடியாக மாட்டி அந்த மறைவு ஃபோல்டரைத் திறந்தேன். 2,316. எல்லாம் நம்பர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். அப்படித் திறக்கும்போது ஒரு சின்ன வீடியோ, நாற்பது நொடி. உன் அம்மா எடுத்திருக்கிறாள். நீ உன் மாமாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் எதையோ திரும்பத் திரும்பச் சொல்கிறாய். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஆறு தடவை போட்டுப் பார்த்தேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, என்னைப்பற்றி ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பைக் சாவி எங்கன்னு கேக்குறான். ரவுண்டு போகணுமாம்," என்றாள். அப்புறம், "உங்களப் பத்தித்தான் பேசிட்டிருப்போம்னு நெனச்சீங்களா? உங்களப் பத்திப் பேச என்ன இருக்கு," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு உன்னை விட்டுவிடுகிறேன். என் அப்பா மோட்டார் பார்த்தாரே, அந்தத் தோட்டத்தில் ஒருநாள் மோட்டாரின் செம்புக்கம்பிச் சுருள் காணவில்லை. தோட்டத்தின் சொந்தக்காரரான தோட்டக்காரர் என் அப்பாவைக் களத்தில், அறுப்புக்கு வந்த அத்தனை பேர் முன்னால், துண்டை உதறிக் காட்டச் சொன்னார். அப்பா உதறினார். நான் அப்போது ஏழாவது படிக்கிறேன், வரப்பில் நின்று பார்த்தேன். கம்பியை மெக்கானிக் புதிதாகச் சுற்றுவதற்காக எடுத்துப்போயிருந்தார், தோட்டக்காரர் தம்பிதான் கொடுத்தனுப்பியிருக்கிறார், அண்ணனிடம் சொல்லவில்லை. தெரிந்ததும் தோட்டக்காரர் என் அப்பாவைத் தனியாக வீட்டுப் பின்பக்கம் கூப்பிட்டு ஒரு பை நிலக்கடலை கொடுத்தார். களத்தில் கேட்டவர் களத்தில் சொல்லவில்லை. அந்தக் கடலையை நான் தின்னவில்லை, அப்பா அடித்தார், அப்போதும் தின்னவில்லை. அந்தத் தோட்டக்காரர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அவர் பேசிய அதே தொனியில், பாக்கெட்டில் இருப்பதை எடு என்று உன் மாமாவிடம் நான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. நேற்றுதான் வந்தது.

சந்தேகப்படாதே என்று உனக்குச் சொல்லமாட்டேன். நம் மாதிரி வீட்டில் பிறந்தவன் சந்தேகப்படாமல் இருந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். உன் கல்யாணப் பேச்சிலும் யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் இரண்டு தடவை பார். ஆனால் நீ கை வைத்ததை முதலில் சோதி, நீ போட்ட சட்டத்தை, நீ குறித்த நேரத்தை. ஆள் பெயர் கடைசியில் வரட்டும். ஒரு விடை உனக்கு ரொம்ப ருசியாக இருந்தால் அதை எழுதி வைத்துவிட்டு ஒருநாள் சும்மா இரு. எனக்கு அந்த ஒருநாள் இல்லை. அவ்வளவுதான் என் புத்திமதி, நீ கேட்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன், கோபித்துக்கொள்வேன், இரண்டில் ஒன்று.

இனி செய்யப்போவது:

1. பெட்டியைச் சாமி ரூமில் இருந்து எடுத்துவிடுவேன். ஹாலில் உயரமாகப் பலகை அடித்து, இன்வெர்ட்டர் லைனை அங்கே இழுப்பேன். பொட்டு வைக்க வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், அதை அணைக்கிற முறையை உன் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்த பிறகு.

2. வெள்ளி பத்து மணி வேலையை நிறுத்துவேன். தனியாக இன்னொரு டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை பிரதி எடுத்துக் கழற்றிப் பீரோவில் வைப்பேன்.

3. 2,316 ஃபைலுக்கும் பெயர் வைப்பேன். உன் மாமா இருக்கிற படத்துக்கு அவன் பெயரையும் சேர்த்து.

4. இன்று சாயங்காலம் மஹால் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போவேன். கடைக்குப் போய் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசமாட்டேன். அவனை என் வீட்டார் முன்னால் கேட்டேன், தப்பு என்னுடையது என்று அவன் வீட்டார் முன்னால் சொல்வேன். அந்த வாசலில் நான் இதுவரை நின்றதில்லை. உள்ளே விடவில்லை என்றால் தெருவில் நின்று, அவன் அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன்.

5. உன்னைத் தூக்கிக்கொண்டு போகமாட்டேன். குழந்தையைக் காட்டி வாங்குகிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். பென் டிரைவில் மூன்று வாரப் படங்களைச் சேர்த்து அவன் கையில் கொடுப்பேன்.

6. அவன் அப்பா எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறாரா, இல்லையா என்று பார்க்கமாட்டேன். பார்ப்பேன். ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யமாட்டேன்.

7. அவன் பழையபடி நம் வீட்டுக்கு வரவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் போவேன், அதற்கடுத்த ஞாயிறும். எத்தனை தடவை போவேன் என்று எனக்கு இப்போது தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு மாமா என்று ஒருவனைத் தெரிந்திருக்கும், அல்லது தெரிந்திருக்காது. தெரிந்திருக்கவில்லை என்றால் என்னிடம் வந்து, போவதை எப்போது நிறுத்தினாய் என்று கேள். அந்தக் கேள்வியைக் கேட்க உனக்கு உரிமை உண்டு.